சொல்லற்ற கொலையாளி: ‘நால்வர் குறி’ புதினத்தில் அந்தமானும் மொழியும்

சிற்றூரைக் களமாகக் கொண்ட கொலைப் புதினம் பேச்சினால் இயங்குவது. ஊரார் ஒருவரையொருவர் அறிவர். யாருக்கு யாரிடம் மனத்தாங்கல், யார் வீட்டு விளக்கு இரவில் நெடுநேரம் எரிந்தது என்பனவெல்லாம் திண்ணைப் பேச்சிலேயே வெளிப்பட்டுவிடும். துப்பறிபவரின் வேலை பெரும்பாலும் கேட்பதே. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் முதன்முதலாக முழுநீளப் புதினம் ஒன்றில் தோன்றியது 1930இல். அதன் களமான செயின்ட் மேரி மீட் என்னும் கற்பனைச் சிற்றூரில் உருப்பெருக்கிக் கண்ணாடி செய்யாத பணியை வம்புப் பேச்சு செய்து முடிக்கிறது. தமிழில் சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’ இவ்வகைக்கு நல்ல சான்று. திருநிலம் என்னும் சிற்றூருக்கு வெளியிலிருந்து வரும் அதன் நாயகன் காவல் துறையினன் அல்லன். நாட்டுப் பாடல்களைத் திரட்ட வந்தவன். ஊரின் மொழியைக் கேட்க வந்தவனே ஊரில் நிகழும் கொலையையும் எதிர்கொள்கிறான் என்பது தற்செயலான அமைப்பு அன்று.

இவ்வகைப் புதினங்களுக்கு எழுதப்படாத விதி ஒன்றுண்டு. கொலையாளி யாராயினும் அவனுக்குப் பேச வாய்ப்பளிக்கப்பட வேண்டும். அவன் பொய் சொல்லலாம், மழுப்பலாம், இறுதியில் ஒப்புக்கொள்ளலாம். படிப்பவர் அவன் சொற்களைக் கேட்டபின்னரே அவனைக் குற்றவாளி என ஏற்கின்றனர். இவ்விதியை மீறிய புதினம் ஒன்று அந்தமானை உலகறியச் செய்த புதினமாகவும் அமைந்துவிட்டது. ஆர்தர் கானன் டாயில் 1890 பிப்ரவரியில் ‘லிப்பின்காட்ஸ்’ திங்களிதழில் வெளியிட்ட ‘நால்வர் குறி’ என்னும் ஷெர்லக் ஹோம்ஸ் கதையே அது.

கதைச் சுருக்கம் பலரும் அறிந்ததே. இலண்டனின் அப்பர் நார்வுட் பகுதியில் ‘பாண்டிச்சேரி லாட்ஜ்’ எனப் பெயரிய மாளிகை. (அந்தமானில் படைத்தலைமை வகித்து ஓய்வுபெற்ற மேஜர் ஷோல்ட்டோ தம் வீட்டுக்கு இப்பெயரை ஏன் இட்டார் என்பதைக் கதை விளக்குவதில்லை. இந்தியப் பெயர் எதுவாயினும் போதும் என்று கருதப்பட்டது போலும்.) அதன் உள்ளிருந்து பூட்டிய அறையில் மேஜரின் மகன் பார்தாலமியூ நஞ்சு தோய்ந்த முள் தைத்து இறந்துகிடக்கிறான். அறையில் இருவரின் தடங்கள் உள்ளன. ஒன்று மரக்கால் பதிந்தது. மற்றொன்று குழந்தையினுடையதைப் போன்ற சிறிய, வெற்றுக்கால் தடம். மரக்காலன் ஜோனதன் ஸ்மால், 1857 கிளர்ச்சியின்போது ஆக்ரா கோட்டையில் வணிகன் ஒருவனின் கொலையில் பங்குகொண்டு அந்தமானுக்கு நாடுகடத்தப்பட்ட ஆங்கிலேயன். சிறு தடத்துக்கு உரியவன் டோங்கா என்னும் அந்தமான் தீவினன். முள்ளை ஊதிக் கொன்றவன் அவனே.

டாயில் அந்தமானைப் பற்றித் தந்த செய்திகள் பிழையானவை என்பது புதிய கண்டுபிடிப்பன்று. ஆன்ட்ரூ லாங் 1904இலேயே இதனைச் சுட்டிக்காட்டினார். ஹோம்ஸ் அலமாரியிலிருந்து நிலவியல் களஞ்சியம் ஒன்றின் முதல் தொகுதியை எடுத்து வாட்சனுக்குப் படித்துக்காட்டும் பகுதியில், அந்தமானியரின் சராசரி உயரம் நான்கடிக்கும் குறைவு என்றும், அவர்கள் கல்தலைக் கதாயுதமும் நச்சம்பும் கொண்டு கப்பல் உடைந்து ஒதுங்கியோரைக் கொன்று தின்பவர்கள் என்றும் கூறப்படுகிறது. உண்மையில் பெரிய அந்தமானிய ஆடவரின் சராசரி உயரம் ஐந்தடிக்குச் சற்றே குறைவு. அவர்களது கருவி வில்லும் அம்பும். ஊதுகுழல் அவர்களிடம் வழக்கில் இருந்ததில்லை. அவர்களிடையே பல்லாண்டுகள் பழகிய இ.எச். மேன் நரமாமிசக் குற்றச்சாட்டை மறுத்தெழுதினார். அவருடைய விரிவான கட்டுரைகள் 1880களின் தொடக்கத்திலேயே இலண்டன் மானிடவியல் கழகத்தின் இதழில் வெளிவந்துவிட்டன. டாயில் விரும்பியிருந்தால் படித்திருக்கக் கூடியவையே அவை. ஆயினும் புதினத்துக்குச் செய்திப் பிழை பட்டியலிடுவது திறனாய்வின் முதற்படி மட்டுமே. தடத்தையும் உடலையும் இத்துணை நுணுகி நோக்கும் இக்கதை, அவ்வுடலுக்குரியவனின் பேச்சை எங்கே வைத்திருக்கிறது என்பதே இன்னும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

எங்கும் வைக்கவில்லை என்பதே விடை. புதினம் முழுவதிலும் டோங்கா சொன்னதாக ஒரு சொல்லும் இல்லை. தேம்ஸ் ஆற்றில் நடைபெறும் துரத்தலின்போது அவனது முகமும் பற்களும் விரிவாக வருணிக்கப்படுகின்றன. வாயிலிருந்து வருவது சொல்லாக இல்லை. சுடப்பட்டு ஆற்றில் விழுகிறான். உடல் சேற்றடியில் தங்கிவிடுகிறது. அதன்பின் ஸ்மால் நெடிய வாக்குமூலம் ஒன்றைத் தருகிறான். அது இப்புதினத்தின் மிகச் சிறந்த பகுதி எனலாம். ஆக்ரா கோட்டையின் இருள், தண்டனைக் குடியிருப்பின் காய்ச்சல், ஏமாற்றப்பட்டவனின் இருபதாண்டு வன்மம் ஆகியன அவனது கரடுமுரடான குரலிலேயே ஒலிக்கின்றன. குற்றவாளிக்குக் குரல் தருவதில் டாயில் வல்லவர் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் ஸ்மால் கொல்லவில்லை. பார்தாலமியூவைக் கொல்வது தன் நோக்கமன்று என்றும், டோங்கா தானாகவே அதனைச் செய்துவிட்டு மெச்சத்தக்க செயல் செய்தவனைப் போல நின்றான் என்றும், தான் அவனைக் கடிந்து அடித்ததாகவும் கூறுகிறான். இதற்கு வேறு சாட்சி இல்லை. கொலையின் நோக்கம் என்னும் மையக் கேள்விக்கு, தண்டனைக்கு அஞ்சும் கூட்டாளி ஒருவனின் கூற்றையே விடையாக ஏற்கும் துப்பறிவாளர் வேறெந்தக் கதையிலாவது ஹோம்ஸாக இருந்திருப்பாரா என்பது ஐயம். சான்றைச் சலித்துப் பார்ப்பதில் பெயர்பெற்றவர் இங்கே மறுவினா ஒன்றும் எழுப்புவதில்லை.

டோங்காவுக்கு மொழி உண்டு என்பதை இப்புதினம் ஓரிடத்தில் மட்டும் ஒப்புக்கொள்கிறது. நோயுற்றுக் காட்டில் கிடந்த அவனை ஸ்மால் மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தபின், அவனுடைய ‘லிங்கோ’வைச் சிறிது கற்றுக்கொண்டதாகவும், அதனால் அவனுக்குத் தன்மீது பற்று மிகுந்ததாகவும் சொல்கிறான். சொல் தேர்வு நோக்கத்தக்கது. ‘லிங்கோ’ என்பது மொழி என்பதற்குரிய நடுநிலைச் சொல் அன்று. புரியாத, பொருட்படுத்தத் தகாத பேச்சு என்னும் இளக்காரம் அதில் உண்டு. இதே சொல்லை ஸ்மால் முன்னர் ஆக்ரா கோட்டையில் தன்னுடன் காவலிருந்த பஞ்சாபியரின் பேச்சுக்கும் ஆள்கிறான். நெடிய இலக்கிய மரபுடைய பஞ்சாபியும் எழுத்தில்லா அந்தமானிய மொழியும் அவன் காதில் ஒன்றே. சீக்கியராகக் காட்டப்படும் அப்பஞ்சாபியருக்கு முகமது சிங், அப்துல்லா கான் எனப் பெயரிட்டிருப்பதையும் இதனோடு சேர்த்துக் காண வேண்டும். பெயர்கள் இக்கதையில் ஒலியலங்காரங்களே. ‘டோங்கா’ என்பதும் அவ்வாறே பசிபிக் தீவு ஒன்றின் பெயரை நினைவூட்டுகிறது. அந்தமானியர் குழந்தை பிறக்கும் முன்பே பெயரிடுவர் என்பதையும், பெண் பூப்பெய்தும்போது அப்பருவத்தில் மலரும் மரத்தின் பெயர் அவளுக்கு முற்பெயராகச் சேரும் என்பதையும் மேன் பதிவுசெய்திருக்கிறார். பெயரிடுதலில் இத்துணை நுட்பம் காட்டிய மக்களின் ஒருவனுக்குக் கிடைத்தது இப்பெயர்.

இனி, ஸ்மால் கற்றதாகச் சொல்லப்படும் மொழி எதுவாக இருந்திருக்கும்? ஸ்மாலின் குடிசை ஹோப் டவுனில் இருந்ததாகவும், அது ஹாரியட் மலைச் சரிவில் உள்ள சிற்றூர் என்றும் புதினம் தெளிவாகக் குறிக்கிறது. இது கற்பனை ஊரன்று. 2024இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் துறைமுகத்துக்கு வடக்கே அவ்வூர் இன்றும் உள்ளது. அம்மலைக்கு 2021இல் மணிப்பூர் மலை எனப் பெயரிடப்பட்டது. அத்துறைமுகத்தைச் சுற்றிய கடற்கரை பெரிய அந்தமானிய மொழிகளுள் அகா-பேயா பேசியோரின் நிலம். காட்டின் உட்பகுதியினரான ஜாரவாக்கள் ஒருபுறமிருக்க, தோணி செலுத்துவதில் வல்லவன் எனக் காட்டப்படும் கடற்கரையோனான டோங்காவை அகா-பேயா பேசுபவனாகக் கொள்வதே பொருந்தும். வியப்புக்குரியது என்னவெனில், அந்நாளில் அந்தமானிய மொழிகளுள் மிக நன்றாகப் பதிவுசெய்யப்பட்டிருந்தது அம்மொழியே. மேனும் ஆர்.சி. டெம்பிளும் 1877இலேயே கிறித்தவ வழிபாட்டுப் பகுதி ஒன்றை அதில் மொழிபெயர்த்து வெளியிட்டனர். 1882இல் இலண்டன் மொழிநூற் கழகத்தில் அதன் தலைவர் ஏ.ஜே. எல்லிஸ் தென்னந்தமான் மொழியின் இலக்கணத்தையே தம் உரைப்பொருளாக்கினார். எம்.வி. போர்ட்மனின் அந்தமானிய மொழிகள் கையேடு 1887இல் வந்தது. பேக்கர் தெருவிலிருந்து எட்டிவிடும் தொலைவில் அகா-பேயாவின் இலக்கணம் விவாதிக்கப்பட்டு எட்டாண்டுகள் சென்றபின், அம்மொழி பேசியவன் ஒருவன் இலண்டன் கதையொன்றில் ஊமையாக வந்து சேர்ந்தான்.

அவ்விலக்கணத்தின் இயல்பை அறிந்தால் இம்முரண் இன்னும் கூர்மை பெறும். பெரிய அந்தமானிய மொழிகளில் சொற்கள் உடலின் பகுப்பை ஒட்டிய முன்னொட்டுகளை ஏற்கின்றன. இதனை மேனும் போர்ட்மனும் கண்டனர்; அன்விதா அப்பி 2005 முதல் மேற்கொண்ட களஆய்வின்வழி இது இலக்கணம் முழுவதையும் ஊடுருவும் அமைப்பு என நிறுவினார். வாய் தொடர்பானவற்றுக்கு ஒரு முன்னொட்டு. விரல், நகம் போன்ற நுனிப்பகுதிகளுக்கு மற்றொன்று. கால் தொடர்பானவற்றுக்கு வேறொன்று. உள்ளுறுப்புகளுக்கு இன்னொன்று என ஏழு வகுப்புகளை அவர் காட்டுகிறார். பெயர்ச்சொல் மட்டுமன்றி வினையும் அடையும்கூட இப்பகுப்புக்கு உட்படும். அகா-பேயா, அகா-ஜேரு என்னும் மொழிப்பெயர்களில் முன்நிற்கும் ‘அகா’ என்பதே வாயை, அதன்வழிப் பேச்சைச் சுட்டும் முன்னொட்டு. தடயங்களை உடலிலிருந்து படிக்கும் ஹோம்ஸ், இந்துக்களின் பாதம் நீண்டு மெலிந்தது என்றும் செருப்பணியும் முகமதியரின் பெருவிரல் விலகியிருக்கும் என்றும் பாதத்தைச் சமயவாரியாகப் பிரித்து, எஞ்சிய சிறு பாதத்தை அந்தமானியனுக்கு ஒதுக்குகிறார். உடலைப் பகுத்தறிவதையே இலக்கணமாகக் கொண்ட மொழியினன் ஒருவன் அங்கே அறியப்படுவது காலால் மட்டுமே. ‘அகா’ அவனிடமிருந்து கழிக்கப்பட்டுவிட்டது.

ஹோப் டவுனை மேலும் சிறிது நோக்க வேண்டும். உண்மையான கொலை ஒன்றும் அவ்வூரில் நிகழ்ந்திருக்கிறது. 1872 பிப்ரவரி 8ஆம் நாள் மாலை, அரசப் பிரதிநிதி மேயோ பிரபு ஹாரியட் மலையில் கதிரவன் மறைவதைக் கண்டு இறங்கி, ஹோப் டவுன் படகுத்துறையில் படகேறும் வேளையில், தண்டனைக் கைதியான ஷேர் அலி அஃப்ரிதி இருளிலிருந்து பாய்ந்து கத்தியால் குத்திக் கொன்றான். பெஷாவரில் 1867இல் கொலைக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு வந்தவன் அவன். நன்னடத்தையால் முடிதிருத்தும் பணி பெற்று ஓரளவு தன்னுரிமையோடு நடமாடியவன். மார்ச் 11ஆம் நாள் வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டான். புதினத்தின் கால வரிசைப்படி ஜோனதன் ஸ்மாலும் அவ்வாண்டுகளில் அந்தமானில் இருந்திருக்க வேண்டும். தன் சிற்றூரில் அரசப் பிரதிநிதியே கொல்லப்பட்டதை நெடிய வாக்குமூலத்தில் அவன் ஒரு சொல்லாலும் குறிப்பதில்லை. டாயில் இதனை அறியாதிருந்தார் எனக் கொள்வது கடினம். இங்கிலாந்து முழுவதும் பேசப்பட்ட நிகழ்ச்சி அது. அந்தமானில் பேரரசை உண்மையில் அச்சுறுத்தியவன் அப்பேரரசே கொண்டுவந்து சிறைவைத்த கைதி. கதையில் அவ்வச்சம் தீவின் பழங்குடியினன் மேல் இடம்மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது.

ஷேர் அலியின் வழக்கில் மறைபுதிர் ஏதுமில்லை. கொலையாளி அவ்விடத்திலேயே பிடிபட்டான். ஆனால் அவனிடம் ஏன் எனக் கேட்கப்பட்டது. இறைவனின் கட்டளை என்றும், தனக்குக் கூட்டாளி மனிதர் எவருமல்லர், இறைவனே என்றும் அவன் இந்துஸ்தானியில் விடையிறுத்தான். அவ்விடை அதிகாரிகளுக்கு நிறைவளிக்கவில்லை. ஆயினும் அது பதிவாகியுள்ளது. மேயோவின் வரலாற்றை 1875இல் எழுதிய டபிள்யூ.டபிள்யூ. ஹன்டர், கொலையாளியின் பெயரையும் ஊரையும் தம் நூலில் குறிக்கப் போவதில்லை என அறிவித்து அவ்வாறே விடுத்தார். பெயரை மறுப்பதும் ஒரு தண்டனை என அவர் கருதினார். இந்தியப் பேரரசுக் களஞ்சியத்தைத் தொகுத்தவரும் இதே ஹன்டர்தாம் என்பது கவனத்துக்குரியது. ஹோம்ஸ் அலமாரியிலிருந்து எடுக்கும் தொகுதி எதுவாயினும், அது அவ்வகை அறிவின் பிரதிநிதி. ஹன்டர் பெயரை மறுத்தார். எனினும் ஷேர் அலியின் சொல் தங்கிவிட்டது. டோங்காவுக்கு ஒரு பெயர் இட்டுச் சொல்லை மறுத்தது புதினம்.

கைதியொருவன் அந்தமானிய மொழியைக் கற்பது என்பதும் டாயிலின் கற்பனைக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. 1858இல் தண்டனைக் குடியிருப்பு தொடங்கிய சில வாரங்களுக்குள் தப்பியோடிய கைதிகளுள் தூத்நாத் திவாரி என்னும் சிப்பாய், அந்தமானியரிடையே ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தான். அவர்களிடையே மணமும் செய்துகொண்டான். அவர்களுடைய பேச்சு அவனுக்குப் பழகியதாலேயே, குடியிருப்பைத் தாக்க அவர்கள் திட்டமிடுவதை அறிய முடிந்தது. 1859இல் முன்னோடி வந்து அதிகாரிகளிடம் அதனைத் தெரிவித்தான். அபெர்தீன் போர் எனப்படும் மோதலில் அந்தமானியர் தோற்றனர். திவாரிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. கற்ற மொழி இங்கே காட்டிக்கொடுக்கும் கருவியாயிற்று. ஸ்மால் தான் கற்ற சிறிதளவு மொழியைக் கொண்டு டோங்காவைத் தோணியோட்டியாக்கிக் கொள்கிறான். பின்னர் இங்கிலாந்தின் சந்தைகளில் நரமாமிசம் தின்னும் கரியவன் எனக் காட்சிப்படுத்திப் பிழைப்பு நடத்துகிறான். இதனை நன்றியும் நட்பும் கொண்ட உறவாகவே புதினம் காட்டுவது அதன் அறவியலில் உள்ள பெருங்குறை.

தமிழ் மரபு இதே சூழலை முற்றிலும் வேறாகக் கையாண்டிருக்கிறது. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் மரக்கலம் உடைந்து நாகர் வாழும் மலையை அடைகிறான். அவர்கள் ஆடையற்றவர், மனிதரைத் தின்பவர். அம்மலையை நக்கவாரத் தீவுகளோடு இணைத்துக் காண்போரும் உண்டு. தன்னை உண்ண வந்தோரிடம் சாதுவன் தப்புவது ஒரே காரணத்தால்: அவர்கள் மொழியை அவன் நன்கு பயின்றிருந்தான். வந்தவர்கள் பின்வாங்கி வணங்கித் தம் தலைவனிடம் அவனை அழைத்துச் செல்கின்றனர். அத்தலைவன் பேசுகிறான், வெறுமனே பேசவில்லை, எதிர்வாதம் செய்கிறான். கள்ளையும் மகளிரையும் துறந்தால் வாழ்வில் இன்பம் ஏது என வினவுகிறான். உடலை விட்டு உயிர் எங்கே போகும் எனக் கேட்கிறான். அறம் ஏற்கத்தக்கதாய் இருந்தபின்னரே ஏற்கிறான். சாத்தனார் நாகரைப் புகழவில்லை. ஆடையின்மை, ஊனுணவு முதலிய அதே குற்றச்சாட்டுகள் அங்கும் உள்ளன; பௌத்த அறம் பரப்பும் நோக்கமும் வெளிப்படையானது. ஆயினும் தீவினனைக் கருத்துடையவனாக, வினாவுடையவனாக நிறுத்த அவருக்கு இயன்றது. கப்பல் உடைந்து ஒதுங்கியோரைத் தின்பவர் என்னும் பழி இரு நூல்களுக்கும் பொது. ஒன்றில் பழிக்கப்பட்டவன் வாய் திறக்கிறான்.

அகா-பேயா இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வழக்கிழந்தது. 1858இல் சில ஆயிரவராக இருந்ததாக மதிப்பிடப்படும் பெரிய அந்தமானியர், தட்டம்மை, மேகநோய் முதலியவற்றால் அழிந்து 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 625 பேராயினர். 2010 ஜனவரியில் மூத்த போவா என்னும் மூதாட்டி இறந்தபோது அகா-போ மொழியை அறிந்த கடைசி ஒருவரும் மறைந்தார். அவரது பேச்சும் பாட்டும் ஒலிப்பதிவில் உள்ளன. ஹோப் டவுனைச் சுற்றி இன்று கேட்கும் மொழிகள் இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு முதலியன. குடியேறிய தமிழர் அங்கு பல தலைமுறையாக வாழ்கின்றனர். அவ்வூரைக் களமாக்கிச் சிற்றூர்க் கொலைப் புதினம் ஒன்றைத் தமிழில் எழுதப் போதிய திண்ணைப் பேச்சு அங்கு உண்டு.

‘நால்வர் குறி’யைத் தமிழாக்குவோர்க்கு இதனால் எழும் சிக்கல் ஒன்று உண்டு. வாட்சனின் வருணனையில் டோங்கா மனிதனாகவும் விலங்காகவும் மாறி மாறித் தோன்றுகிறான். ஆங்கிலத் தொடரமைப்பு அத்தடுமாற்றத்துக்கு இடம் கொடுக்கிறது. தமிழ் அவ்வாறு விடாது. வினைமுற்று ஒவ்வொன்றிலும் ‘பாய்ந்தான்’ என்பதா, ‘பாய்ந்தது’ என்பதா என மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தாக வேண்டும். மக்கள் எனச் சுட்டப்படுவனவே உயர்திணை என்பது தொல்காப்பியரின் வரையறை. சுட்டுபவரின் பொறுப்பு அதிலேயே அடங்கியிருக்கிறது. ‘லிங்கோ’வைப் ‘பாஷை’ என்பதா, ‘பிதற்றல்’ என்பதா, ‘மொழி’ என்பதா என்பதும் இதைச் சார்ந்ததே. ஸ்மாலின் இளக்காரத்தை அவன் வாயில் அப்படியே வைக்க வேண்டும்; அது அவனுடைய குணம். வாட்சன் கூற்றாக வரும் பகுதிகளில் டோங்காவின் வினைகள் ‘ஆன்’ ஈறு பெற்றே வர வேண்டும். மூலத்தின் தடுமாற்றம் அங்கே இழக்கப்படும் என்பது உண்மைதான். அதனை முன்னுரையில் சொல்லிவிடலாம்.